ஹிராகானா விசைமூடியும் தமிழ்க் கவிஞரும்

சென்ற மாதம் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், கவிஞரான நண்பரொருவர் தம் பையிலிருந்து ஒரு விசைப்பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார் என்றால் மிகையில்லை. கடைந்தெடுத்த அலுமினியக் கூடு. உள்ளே பித்தளைத் தகடு. ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் தனித்தனியே பிரித்து, தூரிகையால் எண்ணெய்ப்பசை தடவி, மறுபடி மூடிப் பொருத்தியிருக்கிறார். நான்கு மாத உழைப்பு. ஒரு சிற்றிதழின் இரண்டு இதழ்களை அச்சிடும் அளவுக்குச் செலவு என்று அவரே சொன்னார். தட்டினால் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசும் ஓசை. விசைமூடிகளில் ஆங்கில எழுத்துக்குக் கீழே அழகான ஹிராகானா எழுத்துகள். நண்பருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. "பார்க்க நன்றாக இருக்கிறது" என்றார்.

பிறகு எங்களுக்குக் காட்டுவதற்காக 'வணக்கம்' என்று தட்டினார். எப்படித் தெரியுமா? வி, ஏ, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு என், பின் ஏ, கே, கே, ஏ, எம். எட்டு விசைகளும் ஒரு ஷிஃப்டும். தமிழில் தொடர்ந்து எழுதும், தமிழில் மட்டுமே கவிதை எழுதும் ஒருவர், தம் கையாலேயே உருவாக்கிய கருவியில், ஆங்கிலத்தின் முதுகில் ஏறித் தமிழுக்குப் போகிறார். மேசைமேல் இருந்த பலகையில் இரண்டு மொழிகளின் எழுத்துகள் இருந்தன. அவர் எழுதும் மொழியின் எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். நண்பர் இதைப் படிப்பார், கோபித்துக்கொள்வார் என்பதும் தெரியும்.

முதலில் ஒரு தரப்பை விலக்கிவிடுகிறேன். "எழுத்தாளனுக்குக் கருவி எதற்கு, பென்சில் துண்டு போதாதா" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தச்சர் தம் உளியைப் பற்றிப் பேசினால் தொழில்நுட்பம், நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பற்றிப் பேசினால் கலை, எழுதுகிறவன் விசைப்பலகையைப் பற்றிப் பேசினால் மட்டும் ஆடம்பரமா? ஒரு நாளில் நாலு மணி நேரம் விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் அது. மலிவான பலகைகளில் விசைகளுக்கடியில் ஒரே ரப்பர் விரிப்புதான் இருக்கிறது. அடிவரை அழுத்தினாலொழிய எழுத்து பதியாது. இயந்திர விசைப்பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், தனிச் சுருள்வில். செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகை ஸ்விட்ச்சில் விசையின் மொத்தப் பயணம் நான்கு மில்லிமீட்டர். பாதி தூரத்திலேயே எழுத்து பதிந்துவிடும். விரல் அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் பலகையை அறைய வேண்டியதில்லை. முட்டின்றி வழுக்கி இறங்குவது, நடுவில் ஒரு சிறு தடையை உணர்த்துவது, அந்தத் தடையோடு 'க்ளிக்' என்று சொல்வது என மூன்று குணங்களில் அவை கிடைக்கின்றன. அந்தக் காப்புரிமை காலாவதியானபின் 2010களில் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்களும் செய்யத் தொடங்க, வகைகள் பெருகின. அதன் பிறகுதான் இது இத்தனை பெரிய பொழுதுபோக்காகவும் ஆயிற்று.

ஆகவே நண்பர் ஏன் செலவழித்தார் என்பது என் கேள்வி அல்ல. அவ்வளவு செலவழித்தும் ஏன் எதையும் மாற்றவில்லை என்பதே என் கேள்வி.

விசைப்பலகையைத் தனக்கேற்பக் கட்டுவது என்பதன் வரலாறு ஓசையிலிருந்து தொடங்கவில்லை. எழுதுவதில் இருந்த ஒரு முட்டுக்கட்டையிலிருந்துதான் அது தொடங்கியது. ஜப்பானியக் கணினியியல் பேராசிரியர் எயிச்சி வாடா, சந்தைக்கு வரும் ஒவ்வொரு கணினியிலும் விசைகளின் இடம் மாறிக்கொண்டே இருப்பதில் சலித்து, வேண்டாத விசைகளைக் கழித்து ஒரு சிறிய பலகையைத் திட்டமிட்டார். 1996இல் அது 'ஹேப்பி ஹேக்கிங்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஃபுஜித்சு நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஓயசிஸ் எழுத்துக்கருவியில், கட்டைவிரல்கள் இரண்டுக்கும் தனி விசை கொடுத்து, ஜப்பானிய அசைகளை ரோமன் எழுத்தின் உதவியில்லாமல் நேராகத் தட்டும் முறையை வைத்தார்கள். அதிலேயே கடைசிவரை எழுதிய ஜப்பானிய எழுத்தாளர்கள் உண்டு. கொரியாவில் கோங் பியோங்-வூ என்ற கண் மருத்துவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக ஹங்குல் தட்டச்சுப்பொறிக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். உருளை நகராமல் எழுத்து மட்டும் பதியும் 'நகரா விசை'யை அவர் பயன்படுத்திக்கொண்டார். புள்ளியும் மேல்விலங்கும் அப்படித்தான் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தன. ஜெர்மனியில் செய்யவைத்துக் கொண்டுவந்தார். அலுமினியக் கூடும் பித்தளைத் தகடும் அவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்ற கேள்வி மட்டும் அவரிடம் இருந்தது. தமிழுக்கு விசைப்பலகை கட்டிய முதல் ஆசாமிகளில் ஒருவர் கேட்ட கேள்வியை, இன்று கட்டுகிறவர் கேட்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த உறுத்தல் வெறும் உணர்ச்சியல்ல என்பதற்குத் தமிழ்99 என்ற அமைப்பே சாட்சி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வரையறுக்கப்பட்டது. இதைப் பற்றி நம் வட்டத்தில் பேசினால் "அது அரசாங்க சமாச்சாரம்" என்று கையை உதறிவிடுகிறார்கள். ஒருமுறையாவது அதன் வரைபடத்தை எதிரில் வைத்துப் பார்த்திருப்பார்களா? உயிரெழுத்து பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. ஆங்கிலப் பலகையின் மேல்வரிசையில் பன்னிரண்டு, நடுவரிசையில் பதினொன்று, கீழ்வரிசையில் எட்டு விசைகளில் முப்பத்தொன்றும் உட்கார்ந்துவிட்டன. எண்வரிசையைத் தொடவேண்டியதே இல்லை. உயிர்கள் யாவும் இடக்கைக்கு. மெய்களில் வ, ங இரண்டு தவிர மற்றவை வலக்கைக்கு. வலக்கை 'க' தட்டி இடக்கை 'இ' தட்டினால் 'கி'. உயிர்மெய் என்று நாம் ஒன்றாம் வகுப்பில் படித்தது எதுவோ அதுவே விரலில் நடக்கிறது. பழைய தட்டச்சில் 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று அடி. இங்கே க, ஒ இரண்டே அடி.

புள்ளியைப் பாருங்கள். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. இது இலக்கணப் புத்தகத்தின் இனவெழுத்து வரிசை. அதைக் கொண்டுபோய் விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். நண்பரின் 'வணக்கம்' இதில் ஆறு விசை. 'பள்ளிக்கூடம்' பத்து, ரோமனில் பன்னிரண்டும் ஒரு ஷிஃப்டும். கணக்குப் பார்க்கிறவர்கள் இது பெரிய மிச்சமில்லை என்பார்கள். எனக்கும் மிச்சம் முக்கியமில்லை. வேறொன்று முக்கியம்.

சில ஆண்டுகளாக நண்பர்களின் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். ஒருமுறை அறம் பற்றிய நீண்ட கட்டுரையொன்று வந்தது. ஆழமான கட்டுரை. அதில் பதினொரு இடங்களில் 'அரம்' என்றிருந்தது. எழுதியவருக்கு எழுத்துப்பிழை வரும் என்று நான் ஒருகணமும் நினைக்கவில்லை. அவருடைய சுண்டுவிரல் ஷிஃப்டை அரைநொடி தாமதமாகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். ரோமன் முறையில் ரகரமும் றகரமும் ஒரே விசை. லகரமும் ளகரமும் ஒரே விசை. னகரமும் ணகரமும் அப்படியே. தமிழில் வேர்வரை வேறுபட்ட ஒலிகளை ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற, நம் மொழியில் இல்லவே இல்லாத, வேறுபாட்டின்மேல் தொங்கவிட்டிருக்கிறோம். வேலை வேளையாகிறது. களை கலையாகிறது. தமிழ்99இல் ர கீழ்வரிசையில், ற மேல்வரிசையில். ல, ள, ழ மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில். தவறாகத் தட்ட முடியாது என்று சொல்லவில்லை. என் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தவறு என்னுடையதாக இருக்கிறது. ஷிஃப்டினுடையதாக இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. ஆங்கிலம் அறியாத ஒருவர், நல்ல தமிழில் சிந்திக்கிற ஒருவர், கணினியில் தமிழ் எழுத வேண்டுமென்றால் முதலில் ரோமன் எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிலையை நாம் இயல்பானது என்று ஏற்றுக்கொண்டோம். நாமெல்லாம் ஆங்கிலம் படித்தவர்கள், நமக்கு வசதி. எனவே அதுவே முறை. கொரியக் குழந்தை கணினியின் முன்னால் உட்கார்ந்தால் விசைமூடியிலேயே ஹங்குல் எழுத்து இருக்கிறது. மெய்கள் இடக்கையில், உயிர்கள் வலக்கையில், தமிழ்99ஐக் கண்ணாடியில் பார்த்ததுபோல. ஆங்கிலம் வழியே கொரிய மொழிக்கு வா என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் ஜப்பானை இழுப்பார்கள். ஜப்பானியர் பெரும்பாலோர் ரோமன் எழுத்தில்தானே தட்டுகிறார்கள், அவர்கள் இலக்கியம் செத்தா போயிற்று? நியாயமான கேள்வி. சாகவில்லை. ஆனால் அவர்களுடைய அசையெழுத்து விசையமைப்பு நான்கு வரிசைகளில், எண்வரிசையையும் விழுங்கிக்கொண்டு பரந்து கிடக்கிறது. இருபத்தாறு விசைகளுக்குள் வேலை முடிகிற ரோமன் முறைக்குப் போக அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. நமக்கு அந்தக் காரணம் இல்லை. நம் எழுத்து மூன்று வரிசைக்குள் அடங்கிவிட்டது. ஜப்பானியரின் சிரமத்தை வைத்து நம் சோம்பலுக்கு வக்காலத்து வாங்க முடியாது. நண்பரின் ஹிராகானா மூடிகளை எண்ணி இங்கே சிரித்துக்கொண்டேன்: அந்த மொழிக்காரர்களிலேயே பெரும்பாலோர் பயன்படுத்தாத எழுத்துகள் அவை. குரலில் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதி வந்துவிட்டதே என்பவர்களுக்கு: சொல்லிப் பாருங்கள். எனக்கு உரைநடை வாயில் வருவதில்லை.

சரி, விசைப்பலகைக் கட்டுமானத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மென்பொருளில் தமிழ்99ஐத் தேர்ந்துகொண்டால் போதாதா? போதும்தான். மேக், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் இன்று அது உள்ளடங்கியே வருகிறது. பலகைக்கு மொழி தெரியாது. எத்தனையாவது விசை அழுந்தியது என்ற எண்ணை மட்டுமே அது கணினிக்கு அனுப்புகிறது. அந்த எண் 'ஏ'யா 'அ'வா என்று தீர்மானிப்பது இயங்குதளம். இருந்தும் எந்த விசை எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்பதைப் பலகையின் நிலைபொருள் தீர்மானிக்கிறது. க்யூஎம்கே போன்ற திறமூல நிலைபொருள்கள் அதை நம் கையில் கொடுத்துவிட்டன. மனிதர்கள் இதைக் கொண்டு என்னென்னவோ செய்கிறார்கள். நம் நண்பர்கள் வண்ண விளக்குகளை மினுக்கவிடுகிறார்கள்.

நானும் ஒன்று கட்டினேன். அறுபத்தொரு விசைப் பலகை. அதற்குமுன் கிட்டத்தட்ட ஒரு பிழை செய்யவிருந்தேன். இன்று நவநாகரிகமாக இருக்கும் நாற்பது விழுக்காட்டுப் பலகைகளில், பிளாங்க், கோர்ன் போன்றவற்றில், மேல்வரிசை 'பி' எழுத்தோடு முடிந்துவிடும். அதற்கு வலப்புறம் சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் இருக்காது. ஆங்கிலத்துக்கு அவை நிறுத்தற்குறிகள், போனால் போகட்டும். தமிழ்99இல் அந்த இரண்டு இடங்களில்தான் சகரமும் ஞகரமும் இருக்கின்றன. ஞகரம் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், சகரம் இல்லாமல் 'சரி' என்று எப்படிச் சொல்வது? எது தேவையான விசை, எது உபரி என்ற தீர்ப்பு ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தக் கட்டுரையும் காட்டியதில்லை.

பற்றவைக்கும்போது ஒரு ஸ்விட்ச்சின் கால் மடங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை. எல்லாம் முடித்துச் செருகிப் பார்த்தால் வலக்கோடியில் ஒரு விசை மட்டும் பேசவில்லை. அது ழகரம். ஈயத்தை உறிஞ்சி எடுத்து மாற்று ஸ்விட்ச் பொருத்தும்வரை இரண்டு நாள், மொழியின் பெயரையே எழுத முடியாத ஒரு தமிழ்ப் பலகை என் மேசைமேல் இருந்தது. ஸ்விட்ச்சுகளைச் செருகி எடுக்கக்கூடிய பலகையாக வாங்கியிருந்தால் இந்த அவதி இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் அதையே வாங்குங்கள்.

நிலைபொருளில் நான் செய்தது அதிகமில்லை. இடவெளிப் பட்டையின் இருபுறமும் உள்ள விசைகளில் ஒன்றைத் தமிழுக்கு, மற்றதை ஆங்கிலத்துக்கு என வைத்தேன். ஒரே விசையால் மாற்றி மாற்றிப் போவது சரிப்படாது. கணினி இப்போது எந்த மொழியில் இருக்கிறது என்பது பலகைக்குத் தெரியாதாகையால், எழுதுகிறவனும் பாதி வேளையில் மறந்துபோவான். தனித்தனி விசையென்றால் சந்தேகம் வந்தால் அழுத்திக்கொள்ளலாம், கேடில்லை. இன்னொன்று மேற்கோள் குறி. தமிழ்99இல் அது இருந்த இடத்தை யகரம் எடுத்துக்கொண்டுவிட்டதால் குறிகள் ஷிஃப்டுக்கு இடம்பெயர்ந்தன. உரையாடல் எழுதுகிறவர்களுக்கு இது தொல்லை. இதற்கும் ஒரு கட்டைவிரல் அடுக்கு வைத்துத் தீர்த்தேன். தமிழ்99 குறையற்றது என்று நான் வாதிடவில்லை. ஔகாரத்துக்கு ஒரு முழு விசையை ஒதுக்கியது தாராளம். ஔவையாரை எழுதும்போது மட்டும் அங்கே போகிறேன்.

பழக மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் திக்குவாயன்போல இருந்தேன். நினைப்பு முன்னால் ஓடும், விரல் எங்கோ தேடிக்கொண்டிருக்கும். எரிச்சலில் இரண்டு முறை பழைய முறைக்குத் திரும்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டு யோசித்தபடி இருந்தபோது இடது சுட்டுவிரல் எஃப் விசையின் மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது. கண்ணால் பாராமல் விரல் இடமறிவதற்காக எல்லாப் பலகைகளிலும் அந்த விசையில் ஒரு சிறு முண்டு இருக்குமல்லவா, அது. தமிழ்99இல் அந்த விசைதான் புள்ளி.

விசைமூடிகளுக்கு வருகிறேன். சிரிலிக், ஹங்குல், கிரேக்கம், அரபு, ஹிராகானா என்று மூடித் தொகுதிகளைப் பார்த்திருக்கிறேன். பலர் சேர்ந்து முன்பணம் கட்டி, குறைந்தபட்ச எண்ணிக்கை சேர்ந்ததும் ஆலைக்கு அனுப்பும் குழுக் கொள்முதல்தான் இந்த உலகின் வழக்கம். ஆகவே கேட்கிறவர்கள் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. இதில் சதி ஒன்றுமில்லை, புறக்கணிப்பும் இல்லை. நம்மவர்கள் ஹிராகானா வரிசையில் நிற்கிறார்கள், தமிழைக் கேட்டு யாரும் நின்று நான் பார்க்கவில்லை. "பழகியவனுக்கு மூடியில் எழுத்தெதற்கு, வெற்று மூடியே அழகு" என்று நண்பர் சொல்வார். அவருக்கு வேண்டாம். பத்து வயதுப் பெண்ணொருத்தி முதன்முறையாக அந்தப் பலகையின் முன்னால் வந்து உட்காரும்போது எதைப் பார்ப்பாள்?

என் பலகைக்கு வெளிர்நிற பிபிடி மூடிகளில் சாயம் ஏற்றும் முறையில் எழுத்துப் போட்டேன். வெப்பத்தில் சாயம் நெகிழிக்குள் ஊறிவிடுவதால் அழியாது. கரிய மூடியில் இம்முறை எடுபடாது, அதனால் வெளிர்நிறமே. எழுத்துருவை நானே வரைந்தேன். ணகரத்தின் சுழிகள் அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒட்டிக்கொண்டு மைக்கறைபோல் ஆகிவிட்டன. ஐகாரமும் அப்படியே. எழுத்தை ஒன்றரைப் பங்கு பெரிதாக்கி, ஆங்கில எழுத்தை மூடியின் முன்பக்கச் சரிவுக்கு இறக்கிவிட்டபின் சரியாயிற்று. அந்தக் கோப்பும் நிலைபொருள் அமைப்பும் என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் தருவேன். கவிஞருக்குக் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன், இதுவரை பதில் இல்லை.